அந்தப் பக்கம் என்ன தெரியுது?

"வருதுன்னு சொல்லாத. என்னா வருதுன்னு சொல்லு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அக்கா இதைச் சொல்லாத நாளே கிடையாது. அந்தப் பக்கம் பாடாங் செராய் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருந்தாலும் ஒன்றுதான், அலோர் ஸ்டாரில் இருக்கும் பெரிய டாக்டராக இருந்தாலும் ஒன்றுதான். டாக்டர் என்றால் 'சொல்லுங்க' என்று ஒரு 'ங்க' கூடும். அதற்கு மேல் சலுகை கிடையாது.

அப்போது நான் சுங்கை பட்டாணியில், கடைவீட்டு மாடி ஒன்றில் இயங்கிய நோய்ச் சோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி என்னிடம் தருவார்கள். நான் அதை ஸ்கேனரில் வைத்துப் படமாக்குவேன். ஒரு தகடு ஒரு படம். அந்தப் படத்தை அலோர் ஸ்டாரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் தன் கணினியிலிருந்தே திறந்து, பெரிதாக்கி, அளந்து பார்த்து, இது நோயா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் தகடுகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காடியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தை நிறுத்தி, இந்தக் கணினிக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே வழி போடுவதற்காக வந்தவர்தான் அக்கா.

பெயர் வேண்டாம். நாங்களும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். எப்போதும் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும், நெற்றியில் விபூதியும். கணினிகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருடையது என்பதால், படங்களெல்லாம் சேரும் பெரிய கணினிக்கு டுரியான் என்று வைத்தார். டாக்டருடையது மங்குஸ்தீன். பாடாங் செராய் கிளினிக்கில் இருந்தது ரம்புத்தான். "என்னம்மா இது, பழக்கடையா?" என்று மேனேஜர் முகம் சுளித்தார். எண்கள் வைத்தால் போனில் சொல்லும்போது ஆள்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள், டுரியானையும் மங்குஸ்தீனையும் இந்தக் கெடா மாநிலத்தில் எவனும் மாற்ற மாட்டான் என்றார் அக்கா. அதன் பிறகு "மங்குஸ்தீனுக்கு இன்னைக்கு டுரியான் தெரியல" என்று மேனேஜரே மிக இயல்பாகச் சொல்லித் திரிந்தார்.

அக்காவிடம் ஒரு வெற்றுக் கண்ணாடித் தகடு இருந்தது. வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மார்க்கர் பேனாவால் அதில் எதையாவது வரைந்து என்னிடம் நீட்டுவார். நான் ஸ்கேன் செய்வேன். உடனே பாடாங் செராய்ப் பெண்ணுக்குப் போன் போகும்.

"திறந்திட்டியா?"

"திறந்திட்டேன்கா. வருது."

"வருதுன்னு சொல்லாத. என்னா வருதுன்னு சொல்லு."

"வாத்து மாதிரி இருக்குக்கா."

அக்கா திரும்பித் தன் ஓவியத்தை ஒரு தரம் பார்ப்பார்.

"வாத்து இல்ல லா, கோழி. சரி விடு, வந்திருச்சி."

நேற்றுக் கோழி என்றால் இன்று பப்பாளி, நாளை குடை. ஒவ்வொரு முறையும் புதிது வரைய வேண்டும் என்பதில் கறாராக இருந்தார். நேற்றுத் திறந்த படத்துக்குக் கணினி தன்னிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுமாம். இன்று வழி அறுந்து கிடந்தாலும் அந்தப் பழையதை எடுத்து நீட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்குமாம். "மெஷினு பொய் சொல்லாது. ஆனா ஏமாத்தும்," என்பார்.

மனிதர்களைப் பற்றியும் அவருக்கு ஏறக்குறைய அதே எண்ணம்தான். "நம்ம ஆளுங்க போன்ல இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. கூப்பிட்டுக் கேக்குறாங்களேன்னு ஆமா சொல்லிடுவாங்க. சீனன், மலாய்க்காரன், தமிழன் எல்லாம் இதுல ஒண்ணுதான்." இதை அவர் கோபமாகச் சொன்னதில்லை. மழை பெய்யும் என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

இந்தக் குணத்தை அவர் ஆபீசில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. மகன் ஜொகூர் பாருவில் படித்துக்கொண்டிருந்தான். பத்து மணிக்குத் தேநீர் குடிக்கும் நேரத்தில் அவனைக் கூப்பிடுவார்.

"பசியாறிட்டியா?"

ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்கும். "ஆச்சும்மா."

"ஆச்சுன்னு சொல்லாத. என்னா பசியாறின?"

"நாசி லெமாக்மா."

"கூட என்னா இருந்துச்சி?"

ஸ்பீக்கரில் போர்வை புரளும் சத்தம் கேட்கும். பிறகு அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறான்.

கணவர் லோரி ஓட்டுபவர். பாவம், அவர் பாடு இன்னும் மோசம். ஈப்போ தாண்டிவிட்டேன் என்று சொன்னால் இடது பக்கம் என்ன போர்டு தெரிகிறது என்று கேள்வி வரும். "நான் லோரி ஓட்டவா, ஒனக்குப் போர்டு படிக்கவா?" என்று அவர் கத்துவது எங்கள் மேசை வரைக்கும் கேட்கும். கத்திவிட்டு, போர்டையும் படித்துச் சொல்வார்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என்னிடமும் ஒருநாள் கேட்டார். "எப்படி போவுது?"

"நல்லா போவுதுக்கா."

"நல்லான்னு சொல்லாத. நேத்து சாயந்திரம் ரெண்டு பேரும் என்னா பேசிக்கிட்டீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. உங்களுக்கு எதற்கு அதெல்லாம் என்று எழுந்து போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் கேட்டது தப்பு என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் எழுந்து போன கோபம் அதற்காக இல்லை. முந்தின நாள் சாயந்திரம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் நானாகப் பேச்சை ஆரம்பித்தேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் அதிகம்தான், ஆனால் பேச்சு நிற்கவில்லை.

அப்படிப்பட்ட அக்கா ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தார்.

அலோர் ஸ்டார் வழி வேலை முடிந்ததும் மேனேஜர் திறப்புவிழா வைக்க வேண்டும் என்றார். நம் ஊரில் கழிப்பறை கட்டினாலும் ரிப்பன் வெட்ட டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்தாக வேண்டும். வந்தார். ஏற்பாடு என்னவென்றால், டத்தோ டாக்டரின் அறையில் உட்கார்ந்து மங்குஸ்தீனில் ஒரு தட்டுத் தட்டுவார், சுங்கை பட்டாணியில் இருக்கும் படம் அங்கே விரியும், எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் அந்த வாரம் சாலையோரம் எங்கேயோ குழி தோண்டிக் கேபிளைக் காயப்படுத்தியிருந்தார்கள். படம் வந்தது, ஆனால் ஆடி அசைந்து வந்தது.

"டத்தோ தட்டினா படம் டக்குனு வரணும்," என்றார் மேனேஜர். "அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்தா அசிங்கம் லா. நாலு படத்த அந்த மெஷின்லயே கொண்டு போய்ப் போட்டுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அப்ப அது இங்கேருந்து வர்ற படம் இல்லீங்களே."

"பாக்குறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்மா."

அக்கா ஒரு நாள் முழுக்கச் சம்மதிக்கவில்லை. மறுநாள் சம்மதித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படம் பார்க்கும் அந்த மென்பொருளுக்கு, ஒரு படத்தைக் கேட்டால் எங்கே தேடுவது என்று வரிசையாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். முதலில் இந்த இடம், அங்கே இல்லையென்றால் அடுத்த இடம். மங்குஸ்தீனில் அக்கா போட்டிருந்த முதல் இடம் டுரியான்தான். விழாவுக்காக அதை மாற்றி, முதலில் மங்குஸ்தீனின் சொந்த வட்டில் தேடு, இல்லாவிட்டால் டுரியானுக்குப் போ என்று வைத்தார். யாருடையதும் அல்லாத பழைய பயிற்சிப் படங்கள் பத்தை எடுத்து, பட்டியல் அழகாகத் தெரிய வேண்டும் என்ற மேனேஜரின் ஆசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அந்த வட்டில் வைத்தார்.

விழாவன்று நாங்களும் வேனில் அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தோம். டத்தோ ஏழாம் எண்ணைத் தட்டினார். ஏழு அவருக்கு ராசியான எண்ணாம். படம் டக்கென்று விரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். டத்தோ குனிந்து பார்த்து, இடது மேல் மூலையில் மணி மாதிரி உருண்டையாக இருந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டார். "அது உடம்புல உள்ள ஒரு செல்லு, டத்தோ," என்றார் மேனேஜர், கொஞ்சமும் தயங்காமல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது தகடு ஒட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி. அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வேனின் சன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அலோர் ஸ்டாருக்குப் போன் போட்டார். டாக்டரின் அறையில் உதவிக்கு இருந்த மலாய்ப் பெண்ணிடம், மங்குஸ்தீன் வட்டில் இருக்கும் விழாப் படங்களையெல்லாம் அழித்துவிடச் சொன்னார். சற்று நேரத்தில் அவள் திரும்பக் கூப்பிட்டாள். "சுடா, காக்," என்றாள். ஆயிற்று அக்கா என்று அர்த்தம். அக்கா நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அழித்துவிட்டேன் என்று சொல்பவளிடம் என்ன தெரிகிறது என்று எப்படிக் கேட்பது? ஒன்றும் தெரியக் கூடாது என்பதுதானே வேலை. வட்டு காலியாக இருந்தால் மென்பொருள் தானாக அடுத்த இடத்துக்கு, டுரியானுக்கு வந்துவிடும். தேடும் வரிசையை அடுத்த முறை அங்கே போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'அழி' என்று தட்டியிருக்கிறாள். ஆனால் டத்தோ பார்த்த ஏழாம் படத்தை யாரும் மூடவில்லை, மென்பொருளுக்குள் திறந்தபடியே கிடந்தது. திறந்திருக்கும் படத்தைக் கணினி அழிக்க விடாது. ஏதோ அறிவிப்பு எழும்பியிருக்கிறது, அவள் சரி என்று தட்டியிருக்கிறாள். மற்றதெல்லாம் போனது, ஏழு மட்டும் தங்கியது.

அடுத்த வாரம் உண்மையான நோயாளிகளின் தகடுகள் ஒன்றிலிருந்து எண் போட்டு வரத் தொடங்கின. ஏழாவது என் சின்னம்மாவுடையது.

என் அம்மாவின் தங்கை. புக்கிட் செலம்பாவில் தனியாக இருந்தார், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரேங் கிண்டுகிற வேலை. கழுத்தில் ஒரு கட்டி எழும்பியிருந்தது. பொது மருத்துவமனையில் அறுத்து எடுக்கலாம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். சின்னம்மாவுக்குக் கத்தி என்றாலே பயம். முதலில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்துப் பார்ப்போம், ஒன்றுமில்லை என்றால் எதற்கு அறுக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன், அவருடைய தகட்டை நானேதான் ஸ்கேன் செய்தேன். படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். எனக்கு அந்த எண் தெரியும்.

இரண்டொரு நாளில் முடிவு வந்தது. நோய் எதுவும் இல்லை. சின்னம்மாவுக்குப் போனில் சொன்னேன். அவர் மருத்துவமனைக்குக் கூப்பிட்டு அறுவைத் தேதியை ரத்து செய்துவிட்டார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். வீட்டுக் கோழியை அடித்துக் குழம்பு வைக்கப் போவதாகவும், சனிக்கிழமை வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா டாக்டரைக் கூப்பிட்டு, நிஜப் படம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதே படத்தை இங்கேயும் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். டாக்டர் அலோர் ஸ்டார் தமிழ் முஸ்லிம். நிதானமானவர், அக்காவின் பரீட்சைக்குப் பழகிவிட்டவர்.

"இன்னைக்கு எந்தப் படம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் உற்சாகமாக இருந்தேன். "ஏழக் கேளுங்கக்கா. எங்க சின்னம்மாவோடது. நல்ல சேதி வந்த படம்."

"ஏழு திறங்க டாக்டர். இடது மேல் மூலையில என்னா தெரியுது?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு காத்துக்குமிழி."

எங்கள் திரையில் இருந்த ஏழாம் படத்தின் இடது மேல் மூலையில் குமிழி இல்லை. அடர்ந்த ஊதா நிறம் மூலை வரைக்கும் நிறைந்திருந்தது. அக்கா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். டத்தோ விரலை நீட்டிய அந்த மணி எனக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"டாக்டர்," என்றார் அக்கா. குரல் மாறவில்லை. "அந்தப் படத்த மூடிடுங்க. உங்க வட்டுல ஏழுன்னு ஒரு படம் தங்கியிருக்கும். அத அழிச்சிட்டு, வட்டுல என்னா இருக்குன்னு எனக்குப் படிச்சிச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஏழத் திறங்க."

டாக்டர் செய்தார். வட்டில் ஒன்றுமில்லை என்றார். பிறகு ஏழைத் திறந்தார். "நான் இதப் பாக்கவே இல்லையேம்மா," என்றார். கொஞ்சம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

கூப்பிட்டார். கட்டியை அறுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். மற்ற எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்க வைத்து, மூலை மூலையாகக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். மற்றவை எல்லாம் சரியாக இருந்தன.

நான் போனை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்தார்.

"போன்ல வேணாம். வா, போவோம்."

அவருடைய சின்னக் காடியில் புக்கிட் செலம்பாவுக்குப் போனோம். மேனேஜர் படிக்கட்டு வரைக்கும் கூடவே இறங்கி வந்தார். லைன் கோளாறு என்று சொல்லிவிடலாம், கேபிள்காரன் மேல் போட்டுவிடலாம் என்றார். அக்கா காது கொடுக்கவில்லை. வழியெல்லாம் எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. இத்தனை நாள் ஊரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர், கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டுவிட்டாரே என்று நினைத்தேன். அதே சமயம் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்க்கவும் முடியவில்லை.

சின்னம்மா கோழியை அன்றைக்கே அடித்துவிட்டிருந்தார். சனிக்கிழமைக்கு மசாலா ஊறட்டும் என்றாராம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இவங்கதானா அந்தக் கம்ப்யூட்டர் அக்கா? உக்காரும்மா. தே ஓ கலக்கவா?"

அக்கா உட்காரவில்லை. "அம்மா, உங்களுக்கு நோய் இல்லைன்னு சொன்னது தப்பு. டாக்டர் பாத்தது உங்க படம் இல்ல. உங்க படத்த இப்பதான் பாத்தாரு. அறுக்கணும்ங்கிறாரு. மெஷின்ல வேற படத்த வெச்சது நான். அத எடுத்தாச்சான்னு ஒழுங்கா பாக்காததும் நான்."

சின்னம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுவரில் சாய்ந்தார். நான் பக்கத்தில் போனபோது கையால் விலக்கினார். "அப்ப அந்தப் படம் யாருது?" என்றார்.

"யாருதும் இல்லம்மா. சும்மா மாதிரிக்கு வெச்சது."

"யாருதும் இல்லாத கழுத்துக்கு நான் கோழி அடிச்சிட்டேனே."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் அழுதார். அக்கா நின்றுகொண்டே இருந்தார். சின்னம்மா திட்டித் தீர்த்தார், பொதுவாக அல்ல, அக்காவை முகத்துக்கு நேரே. கெடா தமிழில் என்னென்ன உண்டோ அத்தனையும் வந்தது. அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும், ரத்து செய்த தேதியைத் திரும்ப வாங்க மறுநாள் காலையில் மருத்துவமனைக்குத் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். சின்னம்மா முடியாது என்றார். மறுநாள் காலையில் அந்தக் காடி வாசலில் நின்றது. சின்னம்மா பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லையாம்.

அறுவை நடந்தது. அதற்குப் பிறகு மருந்து, கதிர்ச் சிகிச்சை, பினாங்குக்கும் வீட்டுக்கும் அலைச்சல். அலைச்சலில் பாதி அக்காவின் காடியில்தான். மீதி நாள்களில் போன் வரும்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"நல்லான்னு சொல்லாதீங்க. காலையில எத்தன இட்லி இறங்குச்சி?"

"என்னாடி இவ, போலீஸ்காரி மாதிரி," என்று சின்னம்மா என்னிடம் சிடுசிடுப்பார். ஆனால் போன் வராத நாளில் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்.

சோதனைக்கூடத்தில் அக்காவின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் மேலிடத்துக்குச் சொன்னதற்காக அவரை யாரும் பாராட்டவில்லை. இப்போது அவர் ஜொகூர் பாருவில் இருக்கிறார், மகனுக்குப் பக்கத்திலேயே. அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அக்கா கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் இருந்தது. தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் சின்னம்மாவுக்கு மறுபடியும் சின்னதாக ஒரு தடிப்பு. மறுபடியும் ஊசி, மறுபடியும் தகடு. படம் போனதா இல்லையா என்ற பேச்சே வேண்டாம் என்று அக்கா காலையிலேயே அலோர் ஸ்டாருக்குப் போய் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சின்னம்மா இங்கே, ஸ்கேனர் அறையில், என் பக்கத்தில். வீட்டில் இருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக வந்துவிட்டார்.

முதலில் சோதனைப் படம் போக வேண்டும். வெற்றுத் தகட்டையும் மார்க்கரையும் சின்னம்மாவிடம் கொடுத்து, எதையாவது வரையுங்கள் என்றேன். வாழ்க்கையில் எதையும் வரைந்திராதவர், நாக்கைக் கடித்துக்கொண்டு என்னவோ வரைந்தார். ஸ்கேன் செய்தேன். போனில் அக்கா கூப்பிட்டார்.

"கோழி தெரியுதுடி."

சின்னம்மா போனைப் பிடுங்கினார். "கோழி இல்ல, வாத்து!"

அந்தப் பக்கம் அக்கா சிரித்த சத்தம் கேட்டது. டாக்டரும் சிரித்தார். அதன் பிறகு சின்னம்மாவின் தகட்டை வைத்தேன். ஸ்கேனர் ஓடி முடிந்தது. என் திரையில் படம் விரிந்தது. எனக்கு அதைப் பார்த்து நோயா இல்லையா என்று சொல்லத் தெரியாது. நிறங்கள் மட்டும்தான் தெரியும். சின்னம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

"படம் வந்திருச்சிம்மா," என்றார் அக்கா.

"வந்திருச்சின்னு சொல்லாத," என்றார் சின்னம்மா. "என்னா வந்திருக்குன்னு சொல்லு."

அந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுப்பது கேட்டது. பிறகு மெதுவாக, இடமிருந்து வலமாகச் சொல்லத் தொடங்கினார்.

"இடது மேல் மூலையில ஒண்ணும் இல்லம்மா, வெள்ள. குமிழி இல்ல. அதுக்குக் கீழ ரோஸ் கலரு, நீட்டமா, வாய்க்கா மாதிரி போவுது. நடுவுல அது ரெண்டா பிரியுது. வலது பக்கம் கீழ ஒரு சின்ன மடிப்பு. துணி மடிஞ்ச மாதிரி."

அவர் சொல்லச் சொல்ல சின்னம்மாவின் விரல் எங்கள் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளையைத் தொட்டது. ரோஸைத் தொட்டு, பிரியும் இடத்தில் நின்றது. அங்கிருந்து இறங்கி மடிப்பைத் தேடியது. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஆமா, இருக்கு. மடிப்பு இருக்கு." பிடித்திருந்த என் முழங்கையை விட்டார். "இது என்னுதுதான். சரி, இப்ப டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர் சொன்னார். தழும்பு தடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. சின்னம்மா கேட்டுக்கொண்டார். போனை வைக்கவில்லை.

"உங்க பக்கத்துல அவ அழுவுறாளா?" என்று டாக்டரைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"ஆமான்னு சொல்லாதீங்க டாக்டர். அவகிட்ட குடுங்க."